ஐந்தாவது அத்தியாயம்

எங்கள் ஊர் பாப்டிஸ்ட் சபை வரலாற்றின் நான்கு அத்தியாயங்களும் பிளவில்தான் முடிந்தன. ஐந்தாவதையாவது ஒற்றுமையில் முடிக்க வேண்டுமென்று போதகர் பொதுக்கூட்டம் கூட்டினார். முழுச் சபையும் ஆஜர்.

“எதிர்த்தெருவுக்குப் பிரிஞ்சு போனவங்களைத் திரும்பச் சேர்த்துக்குவோம். இல்லேன்னா கோயிலைப் பூட்ட வேண்டியதுதான்” என்றார் போதகர்.

“ஞானஸ்நானத் தொட்டியில வெந்நீர் ஊத்தினவங்களையா?” செயலாளர் சீறினார். “முழுக்குன்னா பச்சைத்தண்ணிதான்!”

“ஜன்னி வந்தா உங்க கொள்கையா கஞ்சி வச்சுக் குடுக்கும்?” என்று மடக்கினார் பொருளாளர்.

“ஐயா, கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்” என்று போதகர் கெஞ்சினார்.

“நீங்க பிரசங்கத்தோட நிறுத்திக்குங்க. நம்ம சபையில ஓட்டுதான் பேசும்” என்றார் செயலாளர்.

ஓட்டெடுத்தார்கள். சரிபாதி. போதகருக்கு ஓட்டுரிமை இல்லையென்று மூன்றாவது அத்தியாயத்திலேயே தீர்மானமாகியிருந்தது.

“அப்போ நான் எதிர்த்தெருவுக்கே போறேன்” என்று பொருளாளர் எழுந்தார்.

போதகர் பதறினார். “அவசரப்படாதீங்கம்மா! வீட்டுல ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க.”

“வீட்டுலயும் இவரு செயலாளர்தான் போதகரே!”

கைப்பையோடு அந்த அம்மாள் வெளியேறினார். காலி பெஞ்சுகளுக்கு நடுவே தனியாக மிஞ்சிய செயலாளர் தொண்டையைச் செருமினார்.

“மறுபடி ஓட்டெடுங்க. இந்தத் தடவை ஏகமனதா முடிஞ்சிரும்.”