அடிக்காத மணி

சிறையின் சந்திப்பு அறைக் காவலர் இன்றும் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கை மட்டும் மேஜை மணியின் மேல் இருந்தது.

கொடுத்துவைத்த மனுஷன் என்று ஆராய்ச்சிக்காரிக்கு எரிச்சலாக வந்தது. அவள் தூங்கித்தான் மூன்று வாரமாயிற்று.

மற்ற சிறைகளில் விடுதலையாகிப் போனவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் திரும்பவும் குற்றம் செய்து உள்ளே வந்தார்கள். இங்கே பதினெட்டுப் பேர்தான். ஏன் என்று தெரிந்தால் எல்லாச் சிறைகளிலும் அதையே செய்யலாம் என்று தலைமை அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது.

தச்சுப் பட்டறை, நூலகம், ஆலோசனை வகுப்பு எல்லாவற்றையும் சல்லடை போட்டுச் சலித்துவிட்டாள். எல்லாம் மற்ற இடங்களில் இருப்பதுதான். குடும்பத்தார் வந்து பார்க்கும் நேரமும் அதே இருபது நிமிடம்; முடிந்ததும் காவலர் மணி அடிக்க வேண்டும். காவலரின் பதிவேட்டில் முத்து முத்தான கையெழுத்தில், வருஷக்கணக்காக இருபது, இருபது என்றே இருந்தது. அதையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டாள்.

காவலரைப் பற்றிக் கண்காணிப்பாளரிடம் சொன்னபோது அவர் சலித்துக்கொண்டார்.

"காதுல இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு மேடம். ரிட்டயராக நாலு மாசம்தான் இருக்கு. நீங்க எழுதிக் குடுத்தா பென்ஷன் போயிடும். அப்புறம் உங்க இஷ்டம்."

பாவம் பார்த்தால் ஆராய்ச்சி நடக்குமா? கடிகாரத்தோடு அறையின் மூலையில் போய் உட்கார்ந்தாள்.

மத்தியான வெயில் கம்பிகளின் வழியே சாய்ந்து விழுந்தது. மின்விசிறி ஏதோ யோசனையில் இருப்பது போல மெதுவாகச் சுற்றியது. கண்ணாடித் தடுப்பின் இரண்டு பக்கமும் தாழ்ந்த குரலில் பேச்சு. அவளுக்கே கண் சொக்கியது. ஒரு கைதியைப் பார்க்க வந்த பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒரு குழந்தை ஒளிந்துகொண்டு, முகத்தைக் காட்டவே மாட்டேன் என்றது.

இருபது நிமிடம் முடிந்தது. மணி அடிக்கவில்லை. முப்பது. நாற்பது. ஐம்பது.

‘புகார்’ என்று தலைப்பிட்டு எழுதினாள்: ‘காவலர் தூங்கியதால் மணி அடிக்கப்படவில்லை. சந்திப்பு ஐம்பது நிமிடம் நீடித்தது.’

அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். எழுப்புவதற்காகக் குனிந்தாள்.

கண்ணை முழுசாகத் திறக்காமலே காவலர் முணுமுணுத்தார்.

"இன்னும் பத்து நிமிஷம் பொறுத்துக்கங்கம்மா. முதல் இருபது நிமிஷம் எல்லாருக்கும் அழுதே போயிடுது. பேச்சே அதுக்கப்புறம்தான். அந்தப் பிள்ளை இப்பத்தான் எட்டிப் பாக்குது. எப்படியும் அப்பான்னு கூப்பிட்டுடும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியின் மேல் ஒரு சின்ன உள்ளங்கை பதிந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய உள்ளங்கையும்.

சத்தமில்லாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காகிதத்தில் காவலரை அடித்தாள், தூக்கத்தை அடித்தாள், மணியை அடித்தாள். ‘சந்திப்பு ஐம்பது நிமிடம் நீடித்தது’ மட்டும் மிஞ்சியது.

தலைப்பில் இருந்த ‘புகார்’ என்பதையும் அடித்துவிட்டு, ‘காரணம்’ என்று எழுதினாள்.