கேம்ப் போகும் ஜீப்

காரைக்காலில் ஏறுவதற்கு மேடென்று இருப்பது வேகத்தடை மட்டும்தான். ஆனாலும் கோட்டுச்சேரி சோமசேகரன் ஃபோர்வீல் டிரைவ் ஜீப் ஒன்றை வாசலில் நிறுத்தியிருந்தார். அதற்குக் கேம்ப் லைட் மாட்ட என்னைக் கூப்பிட்டார்.

“மேல நாலு லைட்டு மாட்டுப்பா. என் மவன் இதுலதான் மலை, காடெல்லாம் சுத்துறான். பொண்ணு வீட்டுலேருந்து நாளைக்கு நம்ம வீடு பாக்க வர்றாங்க. பாத்ததும் அசந்துடணும்.”

மாட்டி முடித்தேன். “வொயரை பேட்டரியில குடுக்கணுங்க. பானெட்டைத் தொறக்கவா?”

“மெதுவாத் தொற.”

திறந்தேன். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“ஒரு ரவுண்டு போவலாம்னு அவங்க கேட்டா என்னங்க பண்ணுவீங்க?”

“ராகு காலம்னு சொல்லிடுவேன்.”