பிறந்த அன்றைய ஃபீஸ்

பிரசவ வார்டில் நர்ஸ் ரெக்சிலின் ஒரு படிவத்தை நீட்டினாள்.

“பேரு மெதுவா வச்சுக்கலாம்மா. என்ன படிப்புன்னு இன்னைக்கே எழுதிரணும். எழுதிட்டா, பிள்ளை காலேஜ் போறப்பவும் இன்னைக்கு உள்ள ஃபீஸ்தான். தவணை இந்த மாசமே ஆரம்பிச்சிரும்.”

“அப்புறம் மாத்தலாமா, சிஸ்டர்?” மடியில் மகளுடன் கேட்டாள் வான்மதி.

“மாத்துனா அப்போதைய ஃபீஸ். அதை யாரு கட்ட முடியும்?”

சுவரிலிருந்த படிப்புப் பட்டியலில் வான்மதியின் கணவன் கதிரேசனின் விரல் மருத்துவத்தில் தொடங்கியது. தவணைத் தொகையைப் பார்த்துப் பார்த்து, வரிவரியாக இறங்கி, நர்சிங்கில் நின்றது. குழந்தை கொட்டாவி விட்டது.

வான்மதி நிமிர்ந்தாள். “நீங்க ஆசைப்பட்டுத்தான் நர்சிங் படிச்சீங்களா, சிஸ்டர்?”

ரெக்சிலின் பேனாவின் மூடியைக் கழற்றி, கதிரேசனிடம் கொடுத்தாள்.

“எங்கப்பாவுக்கும் விரல் அந்த வரியிலதான் நின்னுச்சாம்.”