கேள்விக்கு இடமில்லாமல்

ஆப் கட்டித் தரும் ஏஐ இயந்திரத்துக்கு ப்ராம்ப்ட் எழுதுவதில் பூங்கோதையை மிஞ்சக் கோவையில் ஆள் கிடையாது. ஆப் யாருக்கு, எதற்கு, எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன ஆக வேண்டும், என்ன ஆகவே கூடாது என்று ஒன்று விடாமல் எழுதிவிடுவாள். இயந்திரம் திருப்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அவளுக்கு அது மானக்கேடு.

தொழில் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகன் கபிலன் கனடாவிலிருந்து கூப்பிட்டதும், "சாப்ட்டேன் கண்ணு. மாத்திரை போட்டாச்சு. முட்டிவலி பரவால்ல. இங்க மழையில்ல" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சாப்பிட்டது மட்டும் பொய். அடுப்பே இன்னும் பற்றவைக்கவில்லை.

"அப்ப சரிம்மா" என்றான் கபிலன். கேட்பதற்கு அவனுக்கு எதுவும் மிச்சமில்லை. போனை வைத்துவிட்டான்.

பூங்கோதை இயந்திரத்தைத் திறந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அரைகுறையாக ஒரு ப்ராம்ப்ட் எழுதினாள். 'எனக்கு ஒரு ஆப் வேண்டும்.' அவ்வளவுதான். எதற்கு என்று இனி அது கேட்டுத்தானே ஆக வேண்டும்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

'இத்தனை வருடங்களில் உங்களை நன்றாகவே தெரிந்துகொண்டேன். கேட்க எதுவும் இல்லை. ஆப் தயார்' என்று வந்தது.

திறந்தாள். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. 'சாப்பிட்டீங்களா?'

இல்லை என்று சொல்ல விரலைக் கொண்டுபோனாள். கீழே, 'சாப்பிட்டாச்சு' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது.