சி. வைரமணி

இணையத்தில் உள்ள வைரமணியின் ஆய்வுப் பட்டியலில் அவள் எழுதிய ஒரு கட்டுரை மட்டும் இல்லை. ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்தைப் பற்றியது. பலரும் மேற்கோள் காட்டுவது. அது சேராமல் பேராசிரியர் பதவி கிடைக்காது.

கணவன் குணாளன் தேடிப் பார்த்தான். "அதை எழுதினது சி. வைரமணியாம். அந்தம்மாவை அதிகமா மேற்கோள் காட்டுறது யாருங்கிறே? கு. வைரமணி."

கணினி இனிஷியலையும் பெயரையும் சேர்த்தே ஆளை அறிகிறது. கல்யாணத்துக்கு முன் அவளுக்கு அப்பா சிதம்பரத்தின் எழுத்து, பிறகு கணவனின் எழுத்து. கணினிக்கு அவர்கள் இரண்டு பெண்கள்.

"உங்கப்பா நெஞ்சுவலிக்காகத்தானே அந்த ஆராய்ச்சியையே ஆரம்பிச்சே. அவர் எழுத்தே இருக்கட்டும்."

"உங்களுக்கு வருத்தமில்லையா?"

"எழுத்து போனா நானும் போயிடுவேனா?"

அவள் இரண்டு பதிவுகளையும் ஒன்றாக இணைத்து, மேலே 'சி. வைரமணி' என்று எழுதினாள். அந்தக் கட்டுரை பட்டியலின் முதல் வரியில் வந்து நின்றது.