நிலைவாசல் இருந்த இடம்

செங்கமலம் தரை துடைக்கும் ஒரகடம் கம்பெனி நிற்கும் இடத்தில்தான் முன்பு அவள் வீடு இருந்தது. கூரை இப்போது எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் பழைய தாழ்ந்த நிலைவாசல் இருந்த இடம் வந்தால் அவள் தலை தானாகக் குனியும்.

"இன்னாக்கா, யாருக்குக் கும்பிடு போடறே?" என்று கூட வேலை செய்யும் கலைமதி சிரிப்பாள்.

மகன் பிரவீன்குமார் நெட்டை. கடைசிவரை குனியப் பழகவில்லை. ஷிப்ட் முடிந்து பசியோடு வந்து, தினமும் நெற்றியில் இடித்துக்கொள்வான். வாலாஜாபாத் ரோட்டில் ஒரு லாரி அவனை அடித்துக் கொண்டுபோயிற்று.

நேற்று ஷிப்ட் மாறும் நேரம். மெஷின் லைன் நின்றிருந்தது. நிலைவாசல் இருந்த வெற்றிடத்தில் மடாரென்று ஒரு சத்தம்.

"யாருக்கா அது?" கலைமதி சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"குனிஞ்சு வாடான்னா கேக்கறானா பாரு."

செங்கமலம் மாப்பைக் கீழே போட்டாள். கால் விரல்களில் எம்பி நின்று, அந்தரத்தில் கைவைத்துத் தேய்த்துவிட்டாள்.