ஸ்ரீதர் சுவாமி சமையல்

"அடுப்பை அவர்தான் பத்த வைக்கணுமாம்மா" என்றாள் சௌமியா.

அவளுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரர் கையில் ஒரு புது எவர்சில்வர் பாத்திரம் இருந்தது. அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மதியம் ஒரு மணி. ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் மட்டுவார்குழலியின் மெஸ். எல்லா இலை முன்னாலும் ஆள். வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்த குழலி மகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த வெள்ளைக்காரர் எலியேசர், யூதர். சௌமியா வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு மெஷின் பொருத்த வந்த இன்ஜினியர். அவர்கள் மத விதிப்படி தயாரான உணவைத்தான் சாப்பிடுவார். கோஷர் என்று அதற்குப் பெயர். விவரம் தெரிந்தவர்கள் வந்து சமையலறையைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். தில்லை நகர் முழுக்கச் சுற்றியும் அப்படி ஒரு காகிதம் மாட்டிய ஓட்டல் அவருக்கு அகப்படவில்லை.

"ப்யூர் வெஜ் சார்" என்றார்கள் எல்லோரும். யார் வந்து பார்த்தார்கள் என்று அவர் கேட்டார்.

"ஒன்பது நாளா வாழைப்பழமும் ஊர்லேருந்து கொண்டுவந்த பிஸ்கட்டும்தாம்மா. சூடா ஒண்ணுமே சாப்பிடல."

அவரே ஒரு வழி சொல்லியிருந்தார். புதுப் பாத்திரம், புதுக் கரண்டி. பூச்சி பார்த்துப் பொறுக்கிய அரிசி, பருப்பு. தீயை அவர் ஏற்ற வேண்டும். சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பாத்திரத்தை ஆற்று நீரில் முக்க வேண்டும் என்றாராம். அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கிக் காவிரியில் முக்கிவிட்டே வந்திருந்தார்கள்.

காவிரி என்றதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெங்காயம், பூண்டு தொடாதவர்கள். ரசத்தைச் சாத்தமுது என்றும் பரிமாறுவதைச் சாதிப்பது என்றும் சொல்கிறவர்கள். வெளியில் கை நனைக்காத குடும்பங்கள். பதினாலு வருடமாக இங்கே மட்டும் வருகிறார்கள் என்றால், வாசல் போர்டில் இருக்கும் ஒரு வரிதான் காரணம்: ஸ்ரீதர் சுவாமி சமையல்.

சமையலறைக் கதவு சாத்தியே இருக்கும். பரிமாறும் சந்திரம்மாளைத் தவிர வெளி ஆள் யாரும் உள்ளே போகக் கூடாது. அது குழலி போட்ட சட்டம். முதல் இலையில் உட்காரும் ராமானுஜம், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், அந்தச் சட்டத்தை ஊரெல்லாம் மெச்சிப் பேசுவார்.

எலியேசரை உள்ளே விட முடியாது என்று குழலி யோசித்தாள். மூன்று மணிக்கு வரச் சொல்லலாம். அப்போது இங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

பாத்திரம் ஒரு கிலோகூட இருக்காது. எலியேசர் அதைக்கூடப் பிடித்திருக்க முடியாமல் மேஜை ஓரத்தில் வைத்தார்.

"சந்திரா, அந்தப் புது ஒத்தை அடுப்பை இங்க கொண்டு வா" என்றாள் குழலி.

சந்திரம்மாள் அசையவில்லை. "வேணாங்க்கா" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"கொண்டு வா."

எல்லோரும் பார்க்க, கூடத்தின் நடுவில் அடுப்பு வந்து உட்கார்ந்தது. எலியேசர் தீக்குச்சியைக் கிழித்தார். நீலமாகப் பற்றிக்கொண்டது.

"ஸ்ரீதர் சுவாமியைக் கூப்பிடுங்க மேடம். நானும் அவரைப் பார்த்ததே இல்லையே" என்று சிரித்தார் ஹரிஹரசுதன். பேங்க்கில் வேலை பார்ப்பவர். இரண்டு வருடமாக வருகிறார்.

குழலி கையைக் கழுவிக்கொண்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

தட்டில் பரப்பிய அரிசியின் மேல் எலியேசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். இரண்டு தடவை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு கல் இல்லை, ஒரு வண்டு இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு அவளே பொறுக்கி வைத்தது.

தண்ணீர் ஊற்றினாள். அரிசியும் பருப்பும் போட்டாள். மஞ்சள், மிளகு, உப்பு. எதையும் அளக்கவில்லை. கொதி வந்ததும் மூடியை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

கூடத்தில் எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

ஸ்ரீதர் சுவாமி வேலையை விட்டு மகனோடு சென்னைக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வேறு ஆள் கிடைக்கவில்லை. உப்பிலியபுரத்து விவசாயி மகளான குழலி சமைத்தாள் என்று தெரிந்தால் இவர்களில் ஒருவரும் வர மாட்டார்கள். அதனால் போர்டு அப்படியே இருந்தது, கதவு சாத்தியே இருந்தது. சமையலை முடித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு அவள் வாசல் மேஜைக்கு வந்துவிடுவாள்.

முதலில் புரிந்தது ஹரிஹரசுதனுக்குத்தான். இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்து போனார்.

மற்றவர்கள் ராமானுஜத்தைப் பார்த்தார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குழலி எலியேசருக்கு இலை போட்டாள். ஆவி பறக்கும் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அவர் கண்களை மூடிக்கொண்டார். பிறகு பாத்திரம் காலியாகும் வரை சாப்பிட்டார். குழலி அதை நின்று பார்த்தாள். தன் சமையலை ஒருவர் சாப்பிடுவதை அவள் இத்தனை பேர் முன்னால் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. முதுகு நிமிர்ந்துகொண்டது.

அப்படியே ராமானுஜத்தின் இலை முன்னால் போய் நின்றாள்.

"மன்னிக்கணும் சார். ஸ்ரீதர் சுவாமி போய் ரொம்ப நாளாச்சு. நான்தான்..."

ராமானுஜம் ரசம் சாதத்தை நிதானமாகப் பிசைந்தார்.

"ஸ்ரீதர் பண்ற சாத்தமுதுல பெருங்காயம் தூக்கலா இருக்கும்மா" என்றார். "அது நின்னு பன்னெண்டு வருஷம் ஆறது."

குழலி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி வேணும்" என்றார் அவர். "நீயே கொண்டுவந்து சாதி."